ஆங்கில மரபுத்தொடர்களும் முத்துக்குளித்துறை வழக்கும்

ஒரு மொழியின் சொற்களைப் பெரிதும் கற்றுத் தேர்ந்தவரும் அம்மொழியின் சிறு தொடர் ஒன்றன்முன் பொருள் விளங்காது நிற்றல் உண்டு. தொடரில் அமைந்த சொற்கள் யாவும் அவர் அறிந்தனவே. இலக்கண முடிபும் தெளிவானதே. எனினும் தொடரின் பொருள் அச்சொற்களின் பொருளைக் கூட்டிப் பெறத்தக்கதாக இல்லை. இத்தகையனவற்றை மரபுத்தொடர் என்கின்றோம். ஆங்கிலத்தினின்று தமிழாக்கம் செய்வார்க்கும், ஆங்கில நூல்களைத் துணையாகக் கொண்டு ஆராயும் தமிழ் மாணாக்கர்க்கும் பெரும்பிழை நேரும் இடம் இதுவேயாகும்.

ஆங்கில மரபுத்தொடர்களுள் ஒரு பெரும்பகுதி கடலோடிகள் வாழ்விற் பிறந்தது. ஆங்கிலேயர் தீவு வாழ்நர். அவர்தம் வாணிகமும் போரும் பாய்மரக் கப்பலை நம்பி நடந்தன. ஆதலின் மாலுமியின் தொழிற்சொல் வீட்டிற்கும் அங்காடிக்கும் வந்து பொதுச்சொல்லாயிற்று. இத்தொடர்களை விளக்கப் புகுவார் ஆங்கில அகராதியொன்றையே துணைக்கொள்வது வழக்கம். அவற்றை விளக்குதற்குரிய தொழிலறிவும் சொல்வளமும் நம் கடற்கரையிலேயே உள்ளன என்பதும், அவ்வறிவின் துணையின்றிச் செய்யும் சொல்லுக்குச் சொல்லான ஆக்கம் பொருளைத் திரித்துவிடும் என்பதும் இக்கட்டுரையிற் காட்டப்பெறும். இதற்குத் தூத்துக்குடியையும் அதனைச் சார்ந்த முத்துக்குளித்துறையையும் களமாகக் கொள்வாம்.

மரபும் தொழில்வழக்கும்

நன்னூலார் வழக்கினை இயல்பு வழக்கு, தகுதி வழக்கு என இரண்டாகப் பகுத்து, தகுதி வழக்கினுள் இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்னும் மூன்றனையும் அடக்கினார். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்றல் குழூஉக்குறிக்கு உரைகாரர் காட்டும் எடுத்துக்காட்டு. குழூஉக்குறி பிறர் அறியாவாறு மறைக்கும் நோக்குடையது. தொழில்வழக்கோ மறைத்தற்கு எழுந்ததன்று. தொழிலைச் செவ்வனே செய்தற்கு எழுந்தது. ஆயினும் ஒரு கூட்டத்தாரிடையே மட்டும் பொருள்படுதல் இரண்டற்கும் பொதுவாகும். அக்கூட்டத்தின் எல்லையைக் கடந்து ஒரு தொடர் ஊர்ப்பொதுவாகும்பொழுது, தொழிற்பொருள் மறைந்து உவமைப்பொருள் மட்டும் எஞ்சுகின்றது. காலப்போக்கில் அஃது உவமை என்பதும் மறக்கப்படுகின்றது. மரபுத்தொடர் பிறக்கும் முறைகளுள் தலையாயது இதுவாகும்.

தொல்காப்பியர் வழிநூல் வகை நான்கனுள் மொழிபெயர்ப்பையும் ஒன்றாக வைத்தார். அதனை மரபியலிலேயே வைத்தார். பெயர்க்கப்படுவது சொல்லன்று, மரபு என்னும் கருத்திற்கு அவ்வைப்புமுறை அரண் செய்வதாக நாம் கருதுகின்றோம்.

முத்துக்குளித்துறை

கொற்கையின் முத்துப் பண்டைத் தமிழ் நூல்களிலும், கிரேக்கர் எழுதிய பெரிப்ளூசு என்னும் கடற்பயண நூலிலும் குறிக்கப்பெற்றது. தாமிரபரணி கொணர்ந்த மண்ணால் கடல் பின்வாங்கவே கொற்கை உள்நாட்டூராயிற்று. அதன்பின் பழையகாயலும், பின்னர்ப் புன்னைக்காயலும் தூத்துக்குடியும் துறையாயின. 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியரும், 1658 முதல் ஒல்லாந்தரும், பின்னர் ஆங்கிலேயரும் இக்கரையில் அதிகாரம் செலுத்தினர்.

மேலைநாட்டார் ஒருவர் தமிழ் மரபோடு முதன்முதல் போராடிக் கற்றதும் இக்கரையிலேயாம். புன்னைக்காயலில் வாழ்ந்த என்றிக்கே என்றிக்கசு பாதிரியார் பரதவர் பேச்சினைக் கேட்டுத் தமிழ் கற்று, போர்ச்சுக்கீசிய மொழியில் தமிழிலக்கணம் ஒன்று வகுத்தார். அவர் ஆக்கிய தம்பிரான் வணக்கம் 1578-இல் கொல்லத்தில் அச்சாயிற்று. இக்கரைச் சொற்கள் ஐரோப்பிய மொழிகளுட் புகுந்தமையும் அறியத்தக்கது. கட்டுமரம் ஆங்கிலத்திற் ‘காட்டமரான்’ ஆயிற்று. சங்கு ‘சாங்க்’ ஆயிற்று. தோணி ‘தோனி’ என்றே நின்றது. சொற்கள் இரு திசையினும் சென்ற கரை இது.

காற்றும் பாயும்

பாய்மரத் தொழிலிற் பிறந்த மூன்று தொடர்களை முதற்கண் காண்பாம்.

‘டேக்கன் அபேக்’ என்பது எதிர்பாராத ஒன்றால் திகைப்புற்று நிற்றலைக் குறிக்கும். பின்னால் எடுத்துச் செல்லப்பட்டான் என்று சொல்வழிப் பொருள் கொள்வார்க்கு இது விளங்காது. காற்று திடீரெனத் திசைமாறிப் பாயின் முன்புறத்தைத் தாக்குமாயின், பாய் பாய்மரத்தோடு ஒட்டிக் கொள்ளும். கப்பல் முன்செல்ல மாட்டாது நின்றுவிடும். சிற்சில வேளை பின்னோக்கியும் தள்ளப்படும். அந்நிலையே அத்தொடரின் மூலப்பொருள். திகைப்பு என்னும் பொருளில் இரு கூறுகள் உள்ளன: எதிர்பாராமை ஒன்று, இயக்கம் தடைப்படுதல் மற்றொன்று. ‘வியந்தான்’ என்று பெயர்ப்பார் இரண்டாவதனை விட்டுவிடுகின்றனர். ‘திகைத்து நின்றான்’ என்பதில் ‘நின்றான்’ என்பது வெற்றுத் துணைவினையன்று. பொருள் நிரப்பும் சொல்லாகும்.

‘பை அண்ட் லார்ஜ்’ என்பது ‘பொதுவாக நோக்குமிடத்து’ என்னும் பொருளது. இதன்கண் ‘லார்ஜ்’ என்பதற்குப் பெரிது என்னும் பொருளில்லை. காற்று வரும் திசைக்கு இயன்றவரை நெருங்கி ஓடுதல் ‘பை’. பின்னிருந்தோ பக்கத்திருந்தோ காற்றைத் தாராளமாகப் பெற்று ஓடுதல் ‘லார்ஜ்’. இருநிலையினும் ஒரு கப்பல் எவ்வாறு ஓடுகின்றது என ஆராய்ந்து மதிப்பிடுவதே இத்தொடரின் தோற்றம். ஆகவே, இது நல்லதும் அல்லதும் ஆகிய நிலைகளைச் சீர்தூக்கியபின் கூறும் பொதுமுடிபு. ஆராயாமல் மேலெழுந்தவாரியாகக் கூறும் ‘பொதுவாக’ என்பதற்கும் இதற்கும் வேறுபாடுண்டு.

‘காற்றுக்கு நெருங்கி ஓடுதல்’ என்னும் பொருளமைந்த தொடர் மூன்றாவது. சட்டத்தின் எல்லையையோ ஒழுக்கத்தின் எல்லையையோ மீறாமல், ஆனால் மீறுதற்கு மயிரிழையே எஞ்சும்படி நடத்தலை இது குறிக்கும். காற்றுக்கு மிக நெருங்கினால் பாய் காற்றை இழந்து படபடக்கும், கப்பல் கட்டுக்கடங்காது. இவ்விடர்ப்பாட்டை அறியாதார் ‘காற்றோடு செல்லுதல்’ எனப் பெயர்ப்பின், காலத்திற்கேற்ப வளைந்து கொடுத்தல் என்னும் முற்றிலும் மாறான பொருள் பிறக்கும்.

வாடை, கொண்டல், கச்சான், சோழகம் எனத் திசைதோறும் காற்றுக்குப் பெயரிட்டு வழங்குவது நம் கரை. பாய் கட்டும் குறுக்குமரம் பருமல். பாயை ஏற்றும் கயிறு ஆஞ்சான். தூத்துக்குடித் தோணிகள் கொழும்பிற்கும் மாலத்தீவிற்கும் 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை பாய் விரித்தே ஓடின. தொழிலில் புகுந்த இளைஞன் எக்கயிறு எதனை இயக்கும் என்பதை முதலில் கற்றான். ‘கயிறுகளைக் கற்றல்’ என்னும் ஆங்கிலத் தொடர் ஒரு தொழிலின் நெளிவுசுளிவுகளை அறிதலைக் குறிப்பது இக்காரணத்தாலேயாம். தமிழில் ‘நெளிவுசுளிவு’ என்னும் வழக்கே அதற்கு ஏற்றது. கயிற்றை விட்டுவிடுதல் குற்றமன்று.

நங்கூரமும் துறையும்

தூத்துக்குடியின் கரையோரக் கடல் ஆழமற்றது. ஆழ்கடல் துறைமுகம் அமைந்து 1974-இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்படும்வரை, பெருங்கப்பல்கள் கரையிலிருந்து பல கல் தொலைவில் நங்கூரமிட்டு நின்றன. சரக்குகளைத் தோணிகளே கரைக்குக் கொணர்ந்தன. கரையில் நிற்பார் கண்ணுக்குக் கப்பல் முதலில் தொலைக்கடலில் தோன்றும். சிறிது நேரத்தில் நங்கூரமிடும் இடத்தை அடையும். நங்கூரமிடும் இடத்திற்கு அப்பால், கரையிலிருந்து காணத்தக்க தொலைக்கடற்பகுதியே ஆங்கிலத்தில் ‘ஆஃபிங்’. ‘இன் தி ஆஃபிங்’ என்பது இன்னும் வந்து சேராதது, ஆயின் விரைவில் வருவது உறுதி போலத் தோன்றுவது எனப் பொருள்படும். ‘தொலைவில் உள்ளது’ என்று பெயர்த்தல் பிழை. தொலைவு அன்று, அணிமையே கருத்து. ‘வரவிருக்கின்றது’, ‘தலைகாட்டுகின்றது’ என்பன பொருந்தும்.

‘பிட்டர் எண்ட்’ என்னும் தொடர் நம் செய்தித்தாள்களிற் ‘கசப்பான முடிவு’ எனப் பலகாலும் தோன்றுகின்றது. ‘டு தி பிட்டர் எண்ட்’ என்பதன் பொருள், எத்துணை இடர் வரினும் கடைசிவரை நின்று முடித்தல் என்பதாம். கப்பல்தளத்தில் நங்கூரக் கயிற்றைச் சுற்றிக் கட்டும் கட்டைகளுக்குப் ‘பிட்’ என்று பெயர். கயிறு முழுவதும் கடலில் ஓடியபின் அக்கட்டைகளைச் சார்ந்து கப்பலுள் எஞ்சும் பகுதியைக் கப்டன் ஜான் சுமித்து 1627-இல் வெளியிட்ட கடல்நூலில் இச்சொல்லாற் குறித்துள்ளார். அதற்கு மேல் விடுதற்குக் கயிறில்லை. விவிலிய வழக்கின் கசப்புக் கருத்தும் பின்னர் இத்தொடரோடு கலந்திருத்தல் கூடும் என்பாரும் உளர். எதனைக் கொள்ளினும், தொடரின் இன்றைய பொருளில் உறுதிப்பாடே முதன்மை. ‘இறுதி மூச்சுவரை’ என்னும் தமிழ் வழக்கு இதனைச் செவ்விதின் உணர்த்தும்.

‘வைட் பெர்த்’ கொடுத்தல் என்பது ஒருவரையோ ஒன்றையோ அணுகாது ஒதுங்கிச் செல்லுதல். ‘பெர்த்’ என்றதும் தொடர்வண்டியின் படுக்கையை எண்ணுதல் இக்கால மாணாக்கர்க்கு இயல்பு. மூலத்தில் அச்சொல் கப்பல் திரும்புதற்கும் அசைதற்கும் வேண்டும் கடலிடத்தைக் குறித்தது. நங்கூரமிட்ட கப்பல் காற்றுக்கும் நீரோட்டத்திற்கும் ஏற்பச் சுழலுமாதலின், பிற கலங்கள் அதற்கு இடம் விட்டு ஒதுங்குதல் வேண்டும். தீயாரைக் கண்டால் தூர விலகு என்னும் நம் பழமொழியும் விலகலையே கூறுகின்றது. ஆயின் அஃது அறிவுரை. ஆங்கிலத் தொடரோ நன்மை தீமை கருதாத வெறும் எச்சரிக்கை. ஆகலின் ‘எட்டி நில்’, ‘ஒதுங்கிப் போ’ என்பன அதற்கு அமையும்.

ஆழம் அளத்தல்

‘ஃபதம்’ என்னும் ஆங்கிலச் சொல் 6 அடி கொண்ட கடலாழ அளவைக் குறிக்கும். பழைய ஆங்கிலத்தில் அதன் பொருள் விரித்த இரு கைகளின் அணைப்பு. கயிற்றை இரு கையாலும் நீட்டி அளந்தமையால் அணைப்பு அளவாயிற்று, அளவு ஆழமறிதலாயிற்று, ஆழமறிதல் ஒருவர் கருத்தையோ நுண்பொருளையோ உணர்தலாயிற்று. நம் கடற்கரையில் ‘பாகம்’ என்பதும் இரு கைகளை விரித்த நீளமே. முத்துப் பார்களின் ஆழத்தைப் பாகக் கணக்கிற் கூறுதல் குளிப்பார் வழக்கு. உடலுறுப்பே அளவுகோலாதல் இரு கரையினும் ஒத்து நிகழ்ந்தது. ஒன்று மற்றொன்றைப் பார்த்துக் கொண்டதன்று.

ஆயினும் உவமைப்பொருள் வேறு வழியிற் சென்றது. தமிழில் ‘ஆழம் பார்த்தல்’ என்பது ஒருவரின் உள்ளக் கருத்தை அவர் அறியாமல் அறிய முயலுதல்; சிறிது சூழ்ச்சிக் குறிப்பும் அதன்கண் உண்டு. ஆங்கிலத்தில் ஈயக்குண்டு இட்டு ஆழமறியும் செயலிற் பிறந்த ‘சவுண்ட் அவுட்’ என்னும் தொடரே இதற்கு நிகராகும். ‘ஃபதம்’ என்பது ஆகாது. அது ‘ஆழ்ந்து உணர்தல்’ எனப் பெயர்க்கத்தக்கது. ‘சவுண்ட்’ என்பதை ஒலி என மயங்குதலும் ஆகாது. ஒலியைக் குறிக்கும் சொல்லும் ஆழமறிதலைக் குறிக்கும் சொல்லும் ஆங்கிலத்தில் வேறு வேறு வேரினவாய் வடிவில் ஒன்றானவை.

முத்தும் சிப்பியும்

முத்தினைப் பற்றிய இரு தொடர்கள் இக்கரைக்கு மிகவும் உரியன.

பன்றியின்முன் முத்தெறிதல் என்பது மத்தேயு நற்செய்தியின் 7-ஆம் அதிகாரத்தினின்று ஆங்கிலத்தில் வந்து வேரூன்றியது. விவிலியத் தமிழாக்கத்தின் வழியாகத் தமிழிலும் பயில்கின்றது. இதனைக் ‘கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை’ என்பதனோடு ஒன்றாக்குதல் பலர் வழக்கம். கூர்ந்து நோக்கின் வேறுபாடு புலனாகும். கழுதைப் பழமொழி பெறுவோன் அறியாமையைச் சுட்டும். கொடுத்தவன் அதிற் பேசப்படுவதில்லை. ‘குரங்கு கைப் பூமாலை’ என்பது பொருளின் அழிவைச் சுட்டும். ஆங்கிலத் தொடர் கொடுப்போன் செய்யும் வீண்செயலைச் சுட்டும். அவனுக்கே அஃது அறிவுரை. நற்செய்தியிலோ, பன்றி மிதிப்பதோடு நில்லாது கொடுத்தோனையே பீறும் என்னும் அச்சமும் உண்டு. அன்றாட ஆங்கில வழக்கில் அவ்வச்சம் நீங்கிவிட்டது. ஆகவே யார்மேல் குறை சாற்றப்படுகின்றது என்று கண்டபின்னரே நிகரான பழமொழியைத் தேர்தல் வேண்டும்.

உலகம் ஒருவனுக்குச் சிப்பி என்னும் தொடர் இதனினும் இடர்ப்பாடு உடையது. 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்ததாகக் கருதப்பெறும் ஷேக்ஸ்பியரின் ‘விண்ட்சர் நகரக் களிப்புடை மனைவியர்’ என்னும் நாடகத்தில், பிசுடல் என்னும் முரடனுக்குக் கடன் மறுக்கப்படுகின்றது. அதற்கு விடையாக, உலகையே சிப்பியாக்கி வாளால் திறப்பேன் என அவன் சூளுரைக்கின்றான். அங்கே அது வழிப்பறிக் குறிப்பு. இன்றோ, விரும்பியதையெல்லாம் அடையும் வாய்ப்பு ஒருவர்முன் விரிந்து கிடத்தலைக் குறிக்கும் வாழ்த்துரையாகிவிட்டது.

இதனை ‘உலகம் உன் சிப்பி’ என்று தமிழிற் பெயர்ப்பின் முத்துக்குளித்துறையார் என்ன பொருள் கொள்வர்? அவர்தம் தொழிலை நோக்குவாம். குளிப்பவர் கல்லின் பாரத்தால் பல பாக ஆழம் இறங்கி, ஏறக்குறைய 1 நிமிடம் மூச்சடக்கிச் சிப்பிகளை வாரிக் கூடையிலிடுவார். கயிறு அசைந்ததும் மேலிருப்பவர் இழுத்தெடுப்பார். அக்கயிற்றை மனைவியின் உடன்பிறந்தானிடமே ஒப்படைப்பர் என்பது கடற்கரையில் வழங்கும் கூற்று; தன் உடன்பிறந்தாள் தாலி அவன் கையிலிருத்தலின் அவன் தவறான் என்பது கருத்து. கரைசேர்ந்த சிப்பிகள் திறவாமலே ஆயிரக் கணக்கில் ஏலம் விடப்பட்டன. வாங்கியோர் அவற்றைப் பெரும்பாலும் கத்தியால் திறந்தாரல்லர். குவித்து அழுகவிட்டுக் கழுவி அரித்து முத்துத் தேடினர். பல்லாயிரம் சிப்பியில் சிலவே விலையுயர்ந்த முத்துடையன. செல்வரானோரும் உளர், முதலையே இழந்தோரும் உளர்.

எனவே, திறவாத சிப்பி அவர்க்கு வாய்ப்பின் உவமையன்று, ஊழின் உவமை. ஆங்கிலத்தில் நம்பிக்கையூட்டும் தொடர், இக்கரைத் தமிழில் ஐயத்தை ஊட்டும் தொடராக முடியும். இரு மொழியினும் பொருள் ஒன்றே, சொல்லும் ஒன்றே, கருத்து எதிர்மறை. உவமையில் வரும் பொருளைக் கண்டு மயங்காமல், அப்பொருளோடு அம்மக்கள் கொண்ட தொடர்பைக் காண்டல் வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

உப்பு

தூத்துக்குடியின் உப்பளங்கள் முத்தினைப் போன்றே புகழ்வாய்ந்தன. ஆங்கிலத்தில் ஒருவன் ‘தன் உப்புக்குத் தகுதியுடையன்’ எனின், பெறும் ஊதியத்திற்கு ஏற்ற உழைப்பும் திறனும் உடையன் என்பது பொருள். இதன் எதிர்மறையை ‘உப்புப் பெறாதவன்’ என்று பெயர்க்கத் தோன்றும். நம் வழக்கில் ‘உப்புப் பெறாதது’ என்பது மிகச் சிறிய, பொருட்படுத்தத்தகாத செய்தியைக் குறிக்கும். உப்பு மலிவான பொருள் என்பது அதன் அடிப்படை. ஆங்கிலத் தொடரில் உப்பு கூலியின் குறியீடு. ஊதியத்தைக் குறிக்கும் ‘சாலரி’ என்னும் சொல் உப்பினைக் குறிக்கும் இலத்தீன் சொல்லடியாகப் பிறந்ததே. நம்மிடத்தும் உப்பினை நன்றிக்கடனாகக் கருதும் வழக்கு வேறே உண்டு. ‘உப்பிட்டவரை உள்ளளவும் நினை’ என்பது அறியாதார் இலர். ஆங்கிலத் தொடருக்கு அணிமையில் நிற்பது இவ்வழக்கே, முன்னையது அன்று.

ஒப்பில்லாத இடங்கள்

இரு கரைக்கும் கடல் பொதுவாயினும் கடலியல்பு பொதுவன்று. தேம்சு ஆற்றில் இலண்டன் பாலத்தருகே ஓதப் பெருக்கும் வற்றும் பெருநாட்களில் 6 மீட்டருக்கு மேல் வேறுபடும். தூத்துக்குடியிலோ அவ்வேறுபாடு 1 மீட்டருக்கும் குறைவு. ஆதலின், ஓதத்தைப் பற்றிய ஆங்கிலத் தொடர்கள் பலவாக, நம் வழக்கில் அதனடியாகப் பிறந்தன அரியவாயின. ‘டைட் ஓவர்’ என்பது கையிலுள்ளது கொண்டு இடர்க்காலத்தைத் தாண்டுதல். ஓதத்தைச் சொல்லி இதனைத் தமிழில் விளக்குதல் வீண். ‘ஒப்பேற்றுதல்’, ‘சமாளித்தல்’ என்பனவே போதும்.

மறுதலையாக, நம் தொடர்களை ஆங்கிலத்திற் பெயர்ப்பாரும் இவ்விடரே எய்துவர். ‘மானம் கப்பலேறிற்று’ என்பதைச் சொல்வழிப் பெயர்ப்பின், மானம் பெருமையோடு வெளிநாடு சென்றதெனப் படும். இழிவு கடல் கடந்தும் பரவிற்று என்பதே நாம் கருதுவது. மகளைக் ‘கரையேற்றுதல்’ என்பதில் திருமணமும் கடமை முடித்த ஆறுதலும் ஒருங்கே அடங்கியுள்ளன. ‘கப்பல் கவிழ்ந்தாலும் கன்னத்தில் கைவைக்காதே’ என்பதிலோ கப்பல், கடல்வாணிகன் முதலீடு முழுவதும் ஆகும்.

கட்டுக்கதைகள்

தொடரின் வரலாற்றைத் தேடுமிடத்து ஒரு காப்பு வேண்டும். ஆங்கிலத்திற் ‘பாஷ்’ என்பது செல்வர்க்குரிய பகட்டினைக் குறிக்கும். இந்தியாவிற்குக் கப்பலேறிய செல்வர், வெயிற்படாத அறைகளைச் செல்கையில் இடப்புறமும் மீள்கையில் வலப்புறமும் பெற்றனர் என்றும், அதனைக் குறிக்கும் நான்கு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துக்களே இச்சொல் என்றும் கூறுவர். அவ்வாறு பொறித்த பயணச்சீட்டு ஒன்றேனும் கிடைத்திலது. அகராதி வல்லார் இதனை ஏற்பதில்லை. ‘சம்பளம்’ என்பதைச் சம்பா, அளம் எனப் பிரித்து நெல்லும் உப்புமாகக் கொள்வாரும், வழியுணவைக் குறிக்கும் வடசொல்லின் திரிபாகக் கொள்வாரும் நம்மிடையே உளர். இத்தகைய இடங்களில் கதையின் இனிமை சான்றாகாது. பழைய வழக்கிடம், தொழில்நிலை, ஒலித்திரிபு ஆகிய மூன்றும் ஒத்துவரின் கொள்க. ஒவ்வாவிடின் ஐயத்தின்பாற் படுக்க.

முடிபுரை

மேற்கூறியவற்றால் மொழிபெயர்ப்பார்க்கு மூன்று நெறிகள் பெறப்படும். தொடர் பிறந்த தொழிலைக் கண்டு மூலப்பொருளைத் தெளிதல் முதலாவது. இன்றைய வழக்கில் அப்பொருளில் எக்கூறு எஞ்சியது, எக்கூறு மறைந்தது எனப் பகுத்தறிதல் இரண்டாவது. நம் மக்கள் வழக்கில் அக்கூற்றை உணர்த்தும் தொடரைத் தேர்தல் மூன்றாவது. நிகரான தொடர் இல்லாதவிடத்து வெளிப்படையாகப் பொருள் கூறுதலே நேரிது.

இவற்றுள் முதலாவது நெறிக்குத் துணையாவன கரைச்சொற்களே. அவை நம் கண்முன்னே குறைந்து வருகின்றன. 1955 முதல் 1961 வரை நடந்த முத்துக்குளிப்பே தூத்துக்குடியில் அரசு நடத்திய இறுதிக் குளிப்பு. 1973-இல் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் தூத்துக்குடியில் முத்து வளர்ப்பில் வெற்றி கண்டனர். ஆயின் அது பழந்தொழிலின் சொற்களை மீட்பதன்று. தோணிகள் எந்திரம் பெற்றன. ஆஞ்சானும் பருமலும் அறிந்த கைகள் அருகின. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி கடற்சொற்கள் பலவற்றைத் தொகுத்துள்ளது. எனினும் அகராதி பொருளைத் தருமேயன்றி, ஒரு சொல் எந்தக் காற்றில், எந்த வேலையில், யாரிடம் கூறப்பட்டது என்பதைத் தருவதில்லை. மரபுத்தொடரின் உயிர் அவ்விடத்தே உள்ளது.

பாய்த்தோணி ஓட்டிய முதியோரும், இளமையில் முத்துக்குளித்தோரும் இன்னும் சிலர் தூத்துக்குடி முதல் மணப்பாடு வரை வாழ்கின்றனர். முதுகலை மாணாக்கர் அவர்களை அணுகி, சொல்லையும் அது வழங்கிய சூழலையும் உடன்வைத்துத் தொகுப்பாராயின், அத்தொகுப்பு ஆங்கிலக் கடல்தொடர்களுக்குத் திறவுகோலாவதோடு, நம் பழந்தமிழ் நெய்தற் பாட்டின் அரும்பதங்கள் சிலவற்றிற்கும் விளக்கமாகும். அப்பணி காலந்தாழ்க்கத்தக்கதன்று.